ஏற்காட்டில் காலையின் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் தகராறு செய்யும் டீசல் பிக்கப்: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

மஞ்சக்குட்டை தோட்டம்:

வணக்கம். டீசல் வண்டியில் அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்து வழி சொல்லுங்கள். காப்பி அறுவடை நடந்துகொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் வண்டி நின்றுபோனால் மூட்டைகள் களத்திலேயே கிடக்கும், அதுதான் கவலை.

வண்டி 2022 மாடல் டீசல் பிக்கப், பிஎஸ்6, ஓடியது 70,000 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட் மட்டும்தான் பிரச்சினை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக, வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிப்பதில்லை. விட்டு விட்டு நீளமாகப் பலமுறை அடித்த பிறகு ஒரு குலுக்கலோடு பிடிக்கிறது, கொஞ்ச நேரம் ஏற்ற இறக்கமாக ஓடி அப்புறம் சீராகிவிடுகிறது. அதன்பின் நாள் முழுக்க தொட்டதும் எடுக்கிறது. மலை இறங்கி சேலம் லீ பஜாரில் சரக்கை இறக்கிவிட்டு வெயிலில் மதியம் வரை நிறுத்தி எடுத்தாலும் எந்தத் தொந்தரவும் இல்லை. அதே போல சேலத்தில் தம்பி வீட்டில் இரவு நிறுத்தினால் மறுநாள் காலையில் ஒழுங்காக எடுக்கிறது. மலையில் நிறுத்தினால் மட்டும்தான் இப்படி. அதனால் வீட்டில் எல்லோரும் குளிர்தான் காரணம் என்கிறார்கள். போன வருடமும் இதே குளிர்தானே இருந்தது, அப்போது ஒன்றும் செய்யவில்லையே என்பது என் கேள்வி.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து எரர் கோடு எதுவும் இல்லை என்றார்கள். பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்றார்கள், மாற்றியாயிற்று, ஒரு வித்தியாசமும் இல்லை. இப்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றலாம், அதிலும் சரியாகாவிட்டால் டீசலைப் பீச்சும் இஞ்செக்டர்களைக் கழற்றி டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார்கள். வாரண்டி முடிந்துவிட்டது, எல்லாம் கைக்காசு. எது கெட்டது என்றே தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மலை உயரமும் குளிரும் சேர்ந்து இவ்வளவு புது வண்டியை இப்படிச் செய்யுமா? இன்னும் செலவு செய்யும் முன் வீட்டிலேயே நான் பார்க்கக்கூடியது என்ன? மல்ட்டிமீட்டர் இருக்கிறது, சாதாரண ஸ்பேனர் வேலை எனக்கு வரும்.

சூரமங்கலம்:

பேட்டரி மாற்றியும் சரியாகவில்லை என்பதால் பேட்டரி பக்கம் பார்க்கவே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். புது பேட்டரி போட்டாலும் எர்த் வயர் பழையதுதானே. சேசிஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால் அல்லது போல்ட் லூசாக இருந்தால் செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் இறங்கி, இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சரியாக வேலை செய்யாது.

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் கதவைத் திறக்கும் முன்பே பானெட்டைத் திறந்து அளக்கிற மாதிரி ஏற்பாடு செய்துகொண்டு பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. அடுத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி அப்போது பாருங்கள், 9.6-க்குக் கீழே போகக்கூடாது. அதே நேரம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து செல்ஃப் அடித்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் எர்த் சரியில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நல்ல நிலையில் இருக்கிறது.

ஜிபிஎஸ் டிராக்கர், எக்ஸ்ட்ரா லைட், ஆம்ப்ளிஃபையர் ஏதாவது வெளியில் மாட்டியிருக்கிறீர்களா? அதையும் சொல்லுங்கள். கூடவே ஹீட்டர் பிளக் சூடாகும்போது மீட்டரில் எரியும் அந்த மஞ்சள் சுருள் லைட் அணைந்த பிறகுதான் செல்ஃப் அடிக்கிறீர்களா என்றும் சொல்லுங்கள், அவசரத்தில் பலர் ஒரே திருப்பாகத் திருப்பிவிடுகிறார்கள்.

குகை பட்டறை:

சார், முப்பது வருடமாக டீசல் வேலை பார்க்கிறவன். உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது.

ஸ்டார்ட் ஆகவில்லை என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் அது வேறு வேறு நோய். சாவி திருப்பினால் டக் என்ற சத்தத்தோடு நின்றுவிட்டால் பேட்டரி, டெர்மினல், செல்ஃப் ரிலே, புது வண்டியில் கிளட்ச் சுவிட்ச். செல்ஃப் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, எர்த், இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரே. செல்ஃப் ஜோராகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகவில்லை, அல்லது போகிற டீசல் எரியவில்லை. நீங்கள் சொன்னது இந்த மூன்றாவது. அப்படியிருக்க எதற்காக பேட்டரியை மாற்றச் சொன்னார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சூரமங்கலம்காரர் சொன்ன அளவுகள் சரிதான், ஐந்து நிமிட வேலை, அளந்துவிடுங்கள், ஆனால் கோளாறு அங்கே கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

டீசல் போகவில்லையா, எரியவில்லையா என்று பிரித்துப் பார்க்க ஒரு பைசா செலவில்லாத வழி சைலன்சர் வாய். காலையில் ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். வெள்ளையாகப் புகை வந்து, பச்சை டீசல் வாடை கண்ணைக் கரித்தால் டீசல் உள்ளே போகிறது, சூடு பத்தாமல் எரியவில்லை. அப்போது ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அளவு) என்று போகலாம். எவ்வளவு நேரம் அடித்தும் புகையும் இல்லை வாடையும் இல்லை என்றால் இஞ்செக்டர் திறக்கவே இல்லை என்று அர்த்தம்.

ஏன் திறக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியில் பம்ப் சுற்றினால் டீசல் போய்விடும். உங்களுடையது போன்ற காமன் ரெயில் வண்டியில் முதலில் ரெயிலுக்குள், அதாவது எல்லா இஞ்செக்டருக்கும் பொதுவான டீசல் குழாய்க்குள், அழுத்தம் ஏற வேண்டும். வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் ஸ்டார்ட்டிங் நேரத்தில் ஏறக்குறைய 200 பார் (அழுத்தத்தின் அலகு) வரை ஏறினால்தான் இசியு இஞ்செக்டருக்குக் கரண்ட் கொடுக்கும். பைப்புக்குள் கொஞ்சம் காற்று இருந்தாலும் போதும், பம்ப் காற்றை அமுக்கிக்கொண்டே இருக்கும், அழுத்தம் ஏறாது. அந்தக் காற்று எல்லாம் ஓடி முடிந்து டீசல் வந்து சேரும்வரை நீங்கள் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வந்ததும் குலுக்கிக்கொண்டு பிடிக்கும், மீதிக் காற்று போகும்வரை ஏற்ற இறக்கமாக ஓடும். நீங்கள் எழுதியதும் இதேதான்.

இப்போது நான் கேட்பது: வீட்டில் வண்டியை எப்படி நிறுத்துகிறீர்கள்? சரிவிலா? முகப்பு மேட்டைப் பார்த்தா, பள்ளத்தைப் பார்த்தா? டீசல் பில்டர் கடைசியாக எப்போது, எங்கே மாற்றினீர்கள்? பில்டருக்குப் பக்கத்தில் கையால் அமுக்குகிற கறுப்பு ரப்பர் பம்ப் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய பழக்கத்தில் யாராவது இஞ்செக்டர் நட்டை லூஸ் பண்ணி ஏர் எடுக்கலாம் என்று வந்தால் விடாதீர்கள். இந்த வண்டிகளில் ஓடும்போது ரெயில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும், அந்தப் பீச்சு தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். ஈதர் ஸ்பிரேயும் வேண்டாம், ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அடித்தால் இன்டேக்கிலேயே வெடிக்கும்.

நாகலூர்:

நான் இதே மலையில் ஜீப்பும் பிக்கப்பும் ஓட்டுகிறவன், குளிரை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. சேலத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு, அந்த அளவுக்கு சிலிண்டருக்குள் அமுங்குகிற காற்றும் குறைவு. அத்துடன் மார்கழி மாத விடியற்காலைக் குளிர். டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது, காற்றை அமுக்கி வருகிற சூட்டில்தான் எரிய வேண்டும். புது இன்ஜின்களில் புகை விதிகளுக்காக கம்ப்ரஷன் ரேஷியோவையும் குறைத்துவிட்டார்கள், அதனால் ஹீட்டர் பிளக் பழுதானால் இங்கே முதலில் தெரியும், கீழே தெரியாது. இவர் சொல்வதும் அப்படித்தானே இருக்கிறது, கீழே எடுக்கிறது, மேலே எடுக்கவில்லை. போன வருடம் பிளக் நல்லதாக இருந்திருக்கும், இந்த வருடம் போயிருக்கும்.

அதுவரை அவசரத்துக்கு, சரிவில் நிறுத்தியிருந்தால் இரண்டாவது கியரில் உருட்டிவிட்டு எடுங்கள், இங்கே பலரும் செய்வதுதான்.

கன்னங்குறிச்சி:

உருட்டி எடுப்பதை தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். நான் அடிவாரத்திலிருந்து மேலே தினமும் பால், காய்கறி ஏற்றுகிறவன், இருபது கொண்டை ஊசி வளைவும் மனப்பாடம், அதனால் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். இன்ஜின் ஓடவில்லை என்றால் பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் கிடையாது. மிதித்த ஒன்றிரண்டு முறை பிடிக்கும், அப்புறம் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. லோடு ஏற்றிய வண்டி சரிவில் உருளும்போது இன்ஜின் பிடிக்காமல் போனால் என்ன செய்வீர்கள்? கீழே தோட்டத்துக் கூலி ஆட்கள் நடந்து வருகிற பாதை அது. புது வண்டியில் எரியாத டீசல் சைலன்சர் பக்கத்து பில்டருக்குள் போய் அதையும் கெடுக்கும், அது தனிச் செலவு.

அப்புறம் ஒரு சின்னக் கேள்வி, குகை அண்ணாவுக்கு. என் வண்டிக்கு இவர் வண்டிக்கு நேர் எதிர். காலையில் சுகமாக எடுக்கிறது, மலை ஏறி நல்ல சூட்டில் நிறுத்தி, சரக்கை இறக்கிவிட்டு உடனே எடுத்தால் செல்ஃப் சுற்றுகிறது, பிடிப்பதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் எடுக்கிறது. இதுவும் ஏர் தானா?

குகை பட்டறை:

கன்னங்குறிச்சி தம்பி, உங்களுடையது வேறு. சூட்டில் மட்டும் எடுக்கவில்லை என்றால் நான் இரண்டு இடம் பார்ப்பேன். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். செல்ஃப் சுற்றும்போது பெரும்பாலான வண்டிகளில் முள் கொஞ்சம் எழும்பும். முன்பெல்லாம் எழும்பிக்கொண்டிருந்த முள் இப்போது சூட்டில் மட்டும் அசையாமல் படுத்திருந்தால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படுங்கள். உள்ளே இருக்கும் சுருள் சூட்டில் விரிந்து அறுந்து, ஆறினதும் சேரும். முள் எழும்பியும் பிடிக்கவில்லை என்றால் இஞ்செக்டர் ரிட்டர்ன், அதாவது இஞ்செக்டரிலிருந்து டேங்க்குக்குத் திரும்பும் டீசலின் அளவு பார்க்க வேண்டும். சூட்டில் டீசல் நீர்த்துப் போகும், தேய்ந்த இஞ்செக்டர் வழியாக ரிட்டர்னில் அதிகமாக ஓடிவிடும், ரெயிலில் அழுத்தம் நிற்காது. நான்கு ரிட்டர்னையும் தனித்தனி பாட்டிலில் பிடித்துப் பார்த்தால் எது அதிகமாக விடுகிறது என்று தெரிந்துவிடும். நல்ல டீசல் பட்டறையில் கொடுங்கள்.

நாகலூர்காரர் சொன்ன கணக்கில் தவறில்லை. ஆனால் ஏற்காட்டுக் குளிரில் பிளக் போன வண்டி வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு, ஒரு சிலிண்டர் விட்டு விட்டு ஓடும், ஓரளவுக்கு அடித்ததும் பிடித்துவிடும். ஒரு அறிகுறியும் இல்லாமல் இவ்வளவு நேரம் சுற்றாது. புகையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றுதான் சொல்கிறேன்.

பிளக்கை அளக்கிறவர்கள் கவனத்துக்கு. பழைய வழக்கப்படி பிளக்கைக் கழற்றி 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்து சிவக்கிறதா என்று பார்க்காதீர்கள். புது இன்ஜின்கள் பலவற்றில் 5 வோல்ட், 7 வோல்ட் பிளக்குகள் வருகின்றன, 12 கொடுத்தால் அங்கேயே கருகிவிடும். வயரைப் பிடுங்கிவிட்டு மல்ட்டிமீட்டரில் ஓம் பாருங்கள், நல்ல பிளக் ஓரிரண்டு ஓமுக்குள் காட்டும். மீட்டர் அசையவில்லை என்றால் அந்தப் பிளக் போய்விட்டது.

மஞ்சக்குட்டை தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

வெளியில் எதுவும் மாட்டவில்லை. சுருள் லைட் அணைந்த பிறகுதான் அடிக்கிறேன். காலையில் பேட்டரி 12.6, செல்ஃப் சுற்றும்போது 10.4, எர்த்தில் 0.1 தான் காட்டியது. சூரமங்கலம் நண்பர் சொன்ன பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது.

வண்டி நிற்பது சரிவில்தான், எங்கள் வீட்டு வாசலில் சமதளமே கிடையாது. முகப்பு மேட்டைப் பார்த்து நிற்கும், இரவில் அப்படி விட்டால்தான் காலையில் பின்னால் எடுத்து ரோட்டில் திருப்ப வசதி. சேலத்தில் தம்பி வீட்டு முன்னால் சமதளம். டீசல் பில்டர் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் மாற்றினார்கள், இந்தத் தொல்லை அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல ஆரம்பித்தது என்று இப்போது யோசித்தால் தோன்றுகிறது. கறுப்பு ரப்பர் பம்ப் இருக்கிறது.

இன்று காலை மனைவி செல்ஃப் அடிக்க நான் பின்னால் நின்று பார்த்தேன். புகை சுத்தமாக இல்லை, வாடையும் இல்லை. உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு ரப்பர் பம்பை அமுக்கிப் பார்த்தேன், வெறும் பலூன் மாதிரி பொசுக்கென்று அமுங்கியது. அமுக்க அமுக்க இறுகியது. நன்றாக இறுகிய பிறகு செல்ஃப் அடித்தால் தொட்டதும் எடுத்துவிட்டது அண்ணா. இத்தனை நாளில் மலையில் காலையில் இப்படி எடுத்ததே இல்லை.

இன்னொரு விஷயம் கவனித்தேன். டேங்க் நிறைய இருக்கும்போது தொல்லை குறைவு, கால்வாசிக்குக் கீழே வந்துவிட்டால் மோசம். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

குகை பட்டறை:

இருக்கிறது சார், நேரடித் தொடர்பு. டேங்க் பின்னால் பாடிக்குக் கீழே, பில்டரும் பம்பும் முன்னால். முகப்பு மேட்டைப் பார்த்தால் இன்ஜின் உயரத்தில் நிற்கிறது, டேங்க் பள்ளத்தில் இருக்கிறது. பைப்பில் எங்காவது மயிரிழை ஓட்டை இருந்தால் அது வழியாகக் காற்று நுழையும், டீசல் ராத்திரி முழுக்கத் தன் எடையிலேயே டேங்க்குக்கு இறங்கிவிடும். டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் உயர வித்தியாசம் இன்னும் கூடுகிறது, இன்னும் வேகமாக இறங்கும். சேலத்தில் சமதளம், அதனால் இறங்குவதில்லை. மதியம் வரை நிறுத்தும் நேரத்துக்குள் பைப் காலியாகாது, அதனால் பகலில் சுகம். குளிர் இல்லை, உயரம் இல்லை, இஞ்செக்டரும் இல்லை.

ஸ்கேனரில் எரர் கோடு எதுவும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அழுத்தம் குறைவு என்பதற்கு பி0087 என்று ஒரு கோடு உண்டு. ஆனால் நேரமாகியாவது ஸ்டார்ட் ஆகிவிட்டால் பல வண்டிகளில் அது பதிவாவதில்லை, ஓடும்போது அழுத்தம் சரியாகத்தானே இருக்கிறது. ஸ்கேனரை மாட்டி வைத்துக்கொண்டு காலையில் செல்ஃப் அடிக்கும்போதே ரெயில் அழுத்தத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சூடான வண்டியைக் கொண்டுபோய் மதியம் மாட்டினால் எப்படிக் கிடைக்கும்?

இனி ஓட்டையைக் கண்டுபிடிக்கணும். சொட்டுகிறதா என்று தேடினால் கிடைக்காமலும் போகலாம், ஏனென்றால் இது உறிஞ்சுகிற பக்கம், காற்றுதான் உள்ளே போகும், டீசல் வெளியே வராது. அதனால் ஒரு இரவு வண்டியைத் திருப்பி, முகப்பு பள்ளத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள், டேங்க்கும் முக்காலுக்கு மேல் இருக்கட்டும். கை பிரேக் இழுத்து, ரிவர்ஸ் கியரில் விட்டு, டயருக்கு இரண்டு பக்கமும் கட்டை கட்டாயம் போடுங்கள். அப்படி நிறுத்தினால் டீசல் முன்னால் தள்ளும், ஓட்டை இருக்கும் இடத்தில் ஈரம் கசியும். முன்னதாக பில்டர் தலை, பைப் மூட்டுகள் எல்லாவற்றையும் துணியால் துடைத்து, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவிவிடுங்கள், கசிந்த இடம் கறுப்பாகத் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது பில்டர் மாற்றும்போது கை வைத்த இடங்கள்தான். பில்டருக்கு வரும் பைப், போகும் பைப் இரண்டிலும் பிளாஸ்டிக் குயிக் கனெக்டர் இருக்கும், உள்ளே சின்ன ஓ-ரிங். இழுத்துப் பிடுங்கும்போது அது நசுங்கும், இல்லை வெட்டுப்படும். கிளிப் சத்தம் கேட்கிற வரை அழுத்தாமல் விட்டாலும் இதே கதைதான். அடுத்து பில்டர் மூடியின் பெரிய ஓ-ரிங், அடியில் தண்ணீர் வடிக்கிற திருகு, தண்ணீர் சென்சார் இறங்கும் இடம். இவ்வளவும் நல்லதாக இருந்தால் பம்புக்குப் போகும் பைப்பில் ஒரு சாண் அளவுக்குத் தெளிவான டீசல் ஹோஸ் போட்டு, ஓடும்போது குமிழி வருகிறதா பார்க்கலாம், ஆனால் அது வெறும் சோதனைக்குத்தான், பார்த்ததும் கழற்றிவிடுங்கள்.

அதுவரை தினமும் காலையில் ரப்பர் பம்ப் இறுகும்வரை அமுக்கிவிட்டு எடுங்கள். செல்ஃபை ஒரேயடியாகப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரும் போய்விடும்.

சூரமங்கலம்:

இதைப் படித்துவிட்டு ஒரு சந்தேகம். என் வண்டியில் கையால் அமுக்குகிற பம்பே இல்லையே, அப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் என்ன செய்வது?

குகை பட்டறை:

டேங்க்குக்குள் மின்சாரப் பம்ப் இருக்கிற வண்டியாக இருக்கும். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி வைத்தால் பின்னால் மெல்லிய ரீங்காரம் கேட்டு நிற்கும். ஆஃப் பண்ணி மறுபடி ஆன், இப்படி சில தடவை செய்துவிட்டு செல்ஃப் அடித்தால் உடனே எடுக்கிறதா என்று பாருங்கள், எடுத்தால் அதுவும் இதே கோளாறு. ரீங்காரமே கேட்கவில்லை என்றால் முதலில் அந்தப் பம்பின் ஃபியூஸ், ரிலே.

மஞ்சக்குட்டை தோட்டம்:

கிடைத்துவிட்டது. சொன்ன மாதிரி துடைத்து பவுடர் தூவி, முகப்பைப் பள்ளம் பார்க்க நிறுத்தியிருந்தேன். காலையில் பில்டரிலிருந்து இன்ஜின் பக்கம் போகும் பைப்பின் மூட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்திருந்தது. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த ஓ-ரிங் ஒரு பக்கம் அரைவட்டமாகச் சீவியது போல வெட்டுப்பட்டிருக்கிறது. டீசலுக்குத் தாங்குகிற ரப்பரில் அதே அளவு ஓ-ரிங் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஸ்பேர் கடையில் கிடைத்தது, ஒரு டீ செலவுகூட ஆகவில்லை. கொஞ்சம் டீசல் தடவிப் போட்டு, கிளிப் சத்தம் கேட்கும்வரை அழுத்தி, ரப்பர் பம்பை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். இரவு பழையபடி மேட்டைப் பார்த்தே நிறுத்தினேன், டேங்கும் கால்வாசிதான். காலையில் ரப்பர் பம்பைத் தொடாமலே சாவியைத் திருப்பினேன், உடனே எடுத்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே.

குகை அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இஞ்செக்டரைக் கழற்ற ஒத்துக்கொண்டிருந்தால் அறுவடை முடியும்வரை வண்டி பட்டறையிலேயே நின்றிருக்கும்.

கடைசியாக ஒன்று. நாகலூர் நண்பர் சொன்னதையும் விட்டுவிடக் கூடாது என்று ஹீட்டர் பிளக்குகளை அளந்தேன். மூன்று ஒரு ஓமுக்குள் காட்டுகின்றன, கடைசி சிலிண்டரில் இருப்பது ஒன்றுமே காட்டவில்லை. ஸ்டார்ட் ஆகும்போது சில நொடி ஒரு சிலிண்டர் தட்டுகிற மாதிரி லேசாக ஒரு நடுக்கம் இன்னும் இருக்கிறது. அது ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா, நானே கழற்றலாமா?

நாகலூர்:

அந்த நடுக்கம் அந்தப் பிளக்கால்தான். மாற்றிவிடுங்கள், இன்னும் தை முடியும்வரை குளிர் இருக்கிறது. உருட்டி எடுக்கச் சொன்னதற்கு கன்னங்குறிச்சி நண்பர் சொன்ன காரணம் நியாயமானது, அதை யாரும் பின்பற்ற வேண்டாம்.

குகை பட்டறை:

ஒன்று மட்டும் போனால் ஒன்று மட்டும் மாற்றலாம், தவறில்லை. பழைய பிளக்கின் உடம்பில் பொறித்திருக்கும் நம்பரைப் பார்த்து அதே வோல்ட் பிளக்கைத்தான் வாங்க வேண்டும், பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று கடையில் கொடுப்பதை வாங்காதீர்கள்.

கழற்றுவதை மட்டும் தனியாகச் செய்ய வேண்டாம். கரி பிடித்து இறுகியிருக்கும், பலமாகத் திருகினால் முறிந்து பாதி ஹெட்டுக்குள் நின்றுவிடும், பிறகு ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். முந்தின நாள் இரவே துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டு, சேலம் இறங்கும்போது இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும் நிலையிலேயே பட்டறைக்குள் விடுங்கள். சூட்டில்தான் சுலபமாக வரும். புதியதைக் கையால் கடைசிவரை திருகி, அப்புறம் டார்க் ரெஞ்ச் போட்டு கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அதே நேரத்தில் பில்டர் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீர் இருந்தால் வடித்துவிடச் சொல்லுங்கள், மூடும்போது அந்த ஓ-ரிங்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.